கூலியும் பேரும்: மலையகத்தின் அன்றாட ஆங்கிலச் சொற்கள் பற்றிய ஒரு நோக்கு

மொழியொன்றைப் புதிதாகக் கற்போருக்கென ஆக்கப்படும் அன்றாடச் சொற்பட்டியல்களை நமது திறனாய்வாளர்கள் பொருட்படுத்துவதில்லை. கவிதையும் நாவலும் ஆய்வுக்குரியன. பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் ஆங்கிலச் சொற்கைநூல்கள் ஆய்வுக்குரியன அல்ல என்பது எழுதப்படாத விதியாக இருந்துவருகிறது. ஆயினும் ஒரு நாவலை வாசிப்போரிலும் பன்மடங்கு தொகையினர் இத்தகைய கைநூல்களை வாசிக்கின்றனர்; வாசிப்பதோடு அமையாது மனனஞ் செய்கின்றனர். எச்சொல் இடம்பெற வேண்டும், எச்சொல் விடப்பட வேண்டும், எது முதலில் வரவேண்டும், யார் யாரை நோக்கிப் பேசுவதாகக் கொள்ளவேண்டும் என்னும் வினாக்களுக்கெல்லாம் விடை கூறிவிட்டே ஒவ்வொரு பட்டியலும் அச்சேறுகிறது. அவ்விடைகள் வெளிப்படையாகக் கூறப்படாமையினாலேயே அவை ஆராயப்படவேண்டியன ஆகின்றன.

இவ்வாராய்ச்சிக்கு இலங்கையின் மத்திய மலைநாட்டைக் களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை முதலாய பகுதிகளின் பெருந்தோட்டங்களில் ஆங்கிலமும் தமிழும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒன்றையொன்று எதிர்கொண்டு வந்துள்ளன. கோப்பிக் காலத்தில் தொடங்கிய இவ்வெதிர்கொள்ளல், 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையை வணிகப் பயிராகப் பயிரிட்டதன் பின்னர் மேலும் விரிவடைந்தது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஆங்கிலம் பள்ளிக்கூடத்தின் வழியாகவும் கந்தோரின் வழியாகவும் தமிழரை அடைந்தது. தோட்டத்தில் அது வேலைத்தளத்தின் வழியாக, புத்தகமின்றி, ஆசிரியரின்றி வந்தது. எனவே சொல்லுக்கும் அதிகாரத்துக்குமுள்ள தொடர்பை இங்கு தெளிவாகக் காணமுடிகிறது.

முதலிற் கவனிக்கத்தக்கது, தோட்டங்களில் எழுந்த முதலாவது மொழிக் கைநூல்கள் தொழிலாளிக்கு ஆங்கிலம் கற்பிக்க எழுதப்பட்டவை அல்ல என்பதாகும். துரைமாருக்குத் தமிழ் கற்பிக்கவே அவை எழுதப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் பெர்குசன் நிறுவனத்தாரின் வெளியீடாக வந்த கைநூலொன்று இவற்றுட் பெயர்பெற்றது. சின்னத்துரையின் சட்டைப்பையில் அடங்கும் தமிழ் வழிகாட்டி எனத் தன்னை அறிமுகஞ் செய்துகொண்ட அந்நூலின் தலைப்பு ‘இங்கே வா’ என்பதாகும். 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பவர் எழுதி வெளியான மற்றொரு நூல் ‘கூலித் தமிழ்’ என்னும் பெயர் பூண்டது.

இவ்விரு தலைப்புகளையும் ஒரு பாடலின் அடியை ஆராய்வது போல ஆராய்ந்து பார்த்தல் பயனுடையது. தமிழில் ஒருவரை அழைப்பதற்கு ‘வா’, ‘வாரும்’, ‘வாருங்கள்’ எனப் பல படிகள் உள. அழைப்பவர்க்கும் அழைக்கப்படுபவர்க்கும் உள்ள உறவு வினைமுற்றின் விகுதியிலேயே வெளிப்பட்டுவிடும். துரைக்குத் தமிழ் கற்பிக்க முன்வந்த நூல் அப்படிகளுள் அடிப்படியைத் தெரிந்து, அதனையே தன் பெயராகவும் சூட்டிக்கொண்டது. வயதில் மூத்த கங்காணியையும் கொழுந்து பறிக்கும் பெண்ணையும் லயத்துப் பிள்ளையையும் நேற்று வந்த இருபது வயதுச் சின்னத்துரை ஒரே விகுதியால் அழைத்த வழக்கத்துக்கு இத்தலைப்பு ஒரு சாசனமாக நிற்கிறது.

வெல்ஸின் நூற்றலைப்பு இதனினும் நுட்பமானது. அதன் முழுப்பெயரைத் தமிழில் தருவதானால், ‘தேயிலை, இறப்பர்த் தோட்டத் தொழிலாளரால் விளங்கிக்கொள்ளப்படும் கூலித் தமிழ்’ என்று தரலாம். தோட்டத்துரைமாருக்கும் அத்தொழிலைப் பயில்வோருக்குமெனச் சிறப்பாக அமைக்கப்பட்டது என்னும் குறிப்பும் அதனுடன் உண்டு. ‘தொழிலாளர் பேசும் தமிழ்’ என்று அது கூறவில்லை. ‘விளங்கிக்கொள்ளும் தமிழ்’ என்றே கூறிற்று. அதாவது பேசும் வாய் துரைக்குரியது. கேட்கும் செவி தொழிலாளிக்குரியது. மறுமொழி என ஒன்று உண்டு என்பதைத் தலைப்பே மறந்துவிடுகிறது. உரையாடல் என்பது இருவழிப்பட்டது எனின், இது உரையாடலுக்கான மொழிநூல் அன்று. ஏவலுக்கான மொழிநூலே எனல் வேண்டும்.

இந்நூல்களுக்குரிய நியாயத்தையும் நாம் மறுத்தலாகாது. ஆள்வோர் ஆளப்படுவோரின் மொழியைக் கற்க நேர்ந்தது சிறிய செய்தி அன்று. ஆனால் அக்கல்வியின் எல்லை தோட்ட வேலையின் எல்லையாக இருந்தது. வேலை நடைபெறுவதற்கு எத்துணைத் தமிழ் வேண்டுமோ அத்துணைத் தமிழ் போதுமாயிற்று. ஒரு மொழியின் ‘அன்றாடச் சொற்கள்’ எவை என்பதை அம்மொழி தீர்மானிப்பதில்லை, கற்பவனின் தேவையும் நிலையுமே தீர்மானிக்கின்றன என்னும் உண்மைக்கு இவை சிறந்த சான்றுகளாம்.

இனி மறுபக்கத்தை நோக்குவோம். தொழிலாளிக்கென ‘சட்டைப்பை ஆங்கில வழிகாட்டி’ எதுவும் அக்காலத்தில் எழவில்லை. அவர்கள் செவிவழியாகவே ஆங்கிலச் சொற்களைப் பெற்றனர். பெற்றவற்றைத் தமிழ் ஒலிமரபுக்கு இயையத் திருத்திக்கொண்டனர். வரிசையாகக் கட்டப்பட்ட குடியிருப்பைக் குறித்த ‘லைன்’ என்பது ‘லயம்’ ஆயிற்று. அதிகாலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் ‘பரேட்’ என்பது ‘பிரட்டு’ ஆயிற்று. அது நிகழுமிடம் ‘பிரட்டுக்களம்’ எனப்பட்டது. வரவுப் பதிவேடு ‘செக்ரோல்’, தேயிலைத் தொழிற்சாலை ‘ஸ்டோர்’, அதன் தலைவர் ‘டீமேக்கர்’, வெளிக்கள உத்தியோகத்தர் ‘கண்டாக்கு’, எழுதுவினைஞர் ‘கிளாக்கர்’, தோட்டத்தின் பிரிவு ‘டிவிசன்’, முழுநாட் சம்பளத்துக்குப் பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை ‘நோர்ம்’, மலையேறி வந்த புகைவண்டி ‘கோச்சி’. இவற்றோடு போர்த்துக்கேய வழிவந்த ‘காம்பரா’, ஒல்லாந்த வழிவந்த ‘இஸ்தோப்பு’ முதலியனவும் இணைந்து ஒரு தனிச் சொற்றொகுதி உருவாயிற்று.

இச்சொற்களைக் ‘கொச்சை’ என்றும் ‘சிதைவு’ என்றும் ஒதுக்கும் மனப்பாங்கு நமது பாடசாலைகளிலும் ஓரளவு பல்கலைக்கழகங்களிலும் நிலவுகின்றது. இது மரபறியாமையின் விளைவு என்றே கருதுகிறோம். பிறமொழிச் சொற்களைத் தமிழ் எழுத்துக்கு இயைய ஏற்றுக்கொள்ளும் முறையைத் தொல்காப்பியம் வடசொற்களை வைத்து விதந்து கூறியது. ‘லைன்’ என்பதை ‘அம்’ ஈறு பெறவைத்து ‘லயம்’ ஆக்கிய எழுத்தறியாத் தொழிலாளி இலக்கண ஆசிரியர் கூறிய அதே நெறியைத் தன் நாவினாற் பின்பற்றினான். பண்டிதன் செய்தால் தற்பவம், கூலியாள் செய்தால் கொச்சை என்னும் அளவுகோல் மொழியியலுக்கு உரியதன்று. வர்க்க நோக்குக்கு உரியது.

எனினும் இச்சொற்றொகுதியை வியந்து பாராட்டுவதோடு நின்றுவிடுவதும் தவறாகும். இதன் அமைப்பைக் கூர்ந்து நோக்கின் இரு செய்திகள் புலனாகின்றன. முதலாவது, உறைவிடம் பற்றியது. தோட்டத்தில் தொழிலாளிக்கு லயம், உத்தியோகத்தருக்குக் குவாட்டர்ஸ், துரைக்குப் பங்களா. தங்குமிடத்துக்கு மூன்று அந்நியச் சொற்கள் வந்துசேர்ந்தன. மூன்றும் படிநிலையைக் குறித்தன. ஆங்கிலத்தில் வீட்டைக் குறிக்கும் பொதுச் சொற்களான ‘ஹவுஸ்’, ‘ஹோம்’ என்பன மட்டும் வந்துசேரவில்லை. பத்தடி பன்னிரண்டடிக் காம்பராவுக்கு அச்சொற்களை வழங்க எவரும் முற்படவில்லை போலும்.

இரண்டாவது செய்தி இலக்கணம் பற்றியது. தொழிலாளர் பெற்ற ஆங்கிலச் சொற்கள் ஏறத்தாழ அனைத்தும் பெயர்ச்சொற்கள். இடத்தின் பெயர், பதவியின் பெயர், கருவியின் பெயர், கணக்கின் பெயர் என்பனவே அவை. வினைச்சொற்கள் மிக அரிது, வினாச்சொற்கள் இல்லையெனலாம். துரை கற்ற தமிழோ ஏவல் வினைகளால் ஆனது. வினை ஒருவரிடமும் பெயர் மற்றவரிடமும் இருந்தன. செய்விக்கும் உரிமை ஒரு மொழியிலும் செய்யப்படும் பொருள் மறு மொழியிலும் பங்கிடப்பட்ட இவ்வமைப்பு, தோட்ட உற்பத்தி உறவின் இலக்கண வடிவம் என்று கூறுவது மிகையாகாது.

இவ்வுறவின் ஆழத்தை இரு சொற்களின் வரலாறு விளக்கும். ஒன்று ‘கூலி’. தமிழில் இது செய்த வேலைக்குரிய ஊதியத்தைக் குறிப்பது. ஆங்கிலத்தில் வழங்கும் அச்சொல்லின் மூலம் பற்றிக் கருத்துவேறுபாடு உண்டு. குஜராத்துப் பகுதியின் ‘கோலி’ என்னும் சமூகப் பெயரைச் சுட்டுவோரும் உளர். எவ்வாறாயினும், தமிழரைப் பொறுத்தவரை ஊதியத்தைக் குறித்த தம் சொல், ஆங்கிலத்தினூடு சென்று மீண்டு வந்தபோது மனிதனைக் குறிக்கும் சொல்லாக மாறியிருந்தது. மற்றையது ‘பேர்’. பெயர் என்பதன் பேச்சுவடிவமான இச்சொல் தோட்ட வழக்கில் ஒரு நாட் சம்பளத்தைக் குறிக்கும். செக்ரோலில் பெயர் பதியப்பட்டால் அன்றைய சம்பளம் உண்டு என்பதனால் இப்பொருள் தோன்றியது. குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காதவருக்கு ‘அரைப்பேர்’ விழும். துரைமாரின் ஆங்கிலத்திலும் ‘நேம்’, ‘ஹாஃப் நேம்’ என்று இதே பொருளில் வழங்கிற்று. ஆக, சம்பளத்தைக் குறித்த சொல் மனிதனின் பெயராயிற்று. மனிதனின் பெயரைக் குறித்த சொல் சம்பளமாயிற்று. மனித உழைப்பு பண்டமாகும்போது நிகழ்வதென்ன என்பதை விளக்கப் பொருளியல் நூல்கள் பல பக்கங்களைச் செலவிடுகின்றன. மலையகத் தமிழ் அதனை இரு சொற்களிற் பதிந்து வைத்துள்ளது.

மூன்றாவதாக ‘துண்டு’ என்னும் சொல்லையும் நோக்கலாம். கங்காணி தன் ஆட்களுடன் வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பினால், குறித்த கடன்தொகை செலுத்தப்படுமிடத்து அவர்களை விடுவிக்க உடன்படுவதாகத் துரை எழுதிக் கொடுத்த சீட்டே துண்டு எனப்பட்டது. ஒரு குழுவினரின் கடனும் இடமும் எதிர்காலமும் அச்சிறு தாளில் எழுதப்பட்டன. எழுதப்பட்டதை வாசிக்கும் ஆற்றல் அத்தாள் யாரைப் பற்றியதோ அவர்களிடம் இருக்கவில்லை. 1921இல் சட்டத்தின் மூலம் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. ஆனால் தன்னைப் பற்றி எழுதப்பட்டதைத் தானே வாசிக்கவியலாத நிலை எந்தச் சட்டத்தினாலும் ஒழிந்துவிடவில்லை. அன்றாட ஆங்கிலம் பற்றிய நமது விவாதத்தின் மையம் இங்குதான் உளது.

இனி, உலகெங்கும் மொழி கற்போருக்கென அறிஞர்கள் அமைத்த பட்டியல்கள் இத்தகைய வாழ்க்கைக்கு எவ்வளவு பொருந்துவன என்று நோக்குவோம். 1930இல் இங்கிலாந்தைச் சேர்ந்த சி. கே. ஒக்டன் ‘அடிப்படை ஆங்கிலம்’ என்னும் திட்டத்தை வெளியிட்டார். 850 சொற்களால் அன்றாடத் தேவை அனைத்தையும் கூறிவிடலாம் என்பது அவர் கொள்கை. 1943இல் பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சில் இதற்கு வெளிப்படையான ஆதரவு அளித்தார் என்பதும் கருதத்தக்கது. இப்பட்டியலில் தோட்டத் தொழிலாளிக்கு நெருங்கிய சொற்கள் சில உள. கூடை, இலை, வரிசை, பெயர், நிறை, கடன் என்பவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்கள் அங்கு காணப்படுகின்றன. வேலைக்காரனைக் குறிக்கும் ‘சேர்வன்ட்’ உண்டு. ‘வைன்’ என்னும் மதுவும் உண்டு. ஆனால் ‘வேஜ்’, அதாவது கூலி, இல்லை. கொடுப்பனவு என்னும் பொதுச்சொல்லால் அதனைச் சமாளிக்கலாம் என்று ஒக்டனின் ஆதரவாளர் கூறுவர். மது என்பதையும் பழச்சாறு பற்றிய விளக்கமொன்றாற் சமாளித்திருக்கலாமே என நாம் வினவலாம்.

இன்னுமொன்று: ஒக்டன் வினைச்சொற்களைப் பெரிதும் சுருக்கிப் பதினெட்டளவில் நிறுத்தினார். வா, போ, கொடு, எடு, வை, செய், அனுப்பு முதலியன அவற்றுள் அடங்கும். ‘கேள்’ என்பதற்குரிய ‘ஆஸ்க்’ அங்கில்லை. வினா என்னும் பெயர்ச்சொல்லை வைத்து அதனைச் சுற்றிவளைத்துக் கூறவேண்டும். சிக்கனத்தை நோக்கமாகக் கொண்ட ஓர் அறிவியல் முயற்சியை இவ்வாறு குறைகூறுவது பொருந்துமா என்று சிலர் ஐயுறலாம். ஒக்டன் எவரையும் ஒடுக்க எண்ணியவர் அல்லர். ஆனால் பட்டியலொன்று சுருங்கும்போது யாருடைய வாழ்க்கை முதலில் வெளியேறுகிறது என்பதையே இங்கு சுட்ட விரும்புகிறோம்.

வங்காளத்தில் கல்விப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ற் வேறொரு நெறியை மேற்கொண்டார். 1953இல் வெளியான அவரது பொதுப்பயன்பாட்டுச் சொற்பட்டியல் ஏறத்தாழ 2000 தலைச்சொற்களைக் கொண்டது. பல இலட்சம் சொற்கள் கொண்ட அச்செழுத்துத் தொகுதியில் ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வருகின்றது என்னும் கணிப்பு அதற்கு ஆதாரமாயிற்று. இன்றைய பாடநூல்கள் பலவற்றின் பின்னே இப்பட்டியலின் நிழல் உண்டு. இது அகவயமான தெரிவிலும் மேலானது என்பதில் ஐயமில்லை. எனினும் அடிக்கடி அச்சிடப்படுவது வேறு, அடிக்கடி தேவைப்படுவது வேறு. அச்சிற் பேசும் வாய்ப்புப் பெற்ற வர்க்கத்தின் அன்றாடமே எண்ணிக்கையில் மேலோங்கும். எண்கள் நடுநிலையானவை, எண்ணப்பட்ட நூல்கள் அவ்வாறானவை அல்ல.

இப்பின்னணியில் மலையகப் பாடசாலையின் நிலையை நோக்குதல் வேண்டும். தோட்டப் பிள்ளைகளின் ஆரம்பக் கல்விக்கு வசதி செய்யும் பொறுப்பை 1920ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச்சட்டம் தோட்ட நிருவாகத்தின் மேல் சுமத்திற்று. அக்கல்வி ஓரிரு வகுப்புகளுக்கு மேற் செல்லாத தாய்மொழிக் கல்வியாக இருந்தது. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயன் தோட்ட எல்லையைப் பெரிதும் தாண்டி உள்ளே வரவில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டமும் 1956இல் தனிச்சிங்களச் சட்டமும் இம்மக்களைச் சட்டத்தின் மொழியிலிருந்து மேலும் விலக்கின. 1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தத்தின் கீழ்த் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 முதல் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. 1999இன் கல்விச் சீர்திருத்தம் மூன்றாந் தரத்திலிருந்து ஆங்கிலத்தை முறையான பாடமாக்கியதோடு, முதலாந் தரத்திலேயே செயல்வழிப் பேச்சு ஆங்கிலத்துக்கும் இடமளித்தது. 2009ஆம் ஆண்டை ஆங்கிலத்துக்கும் தகவல் தொழினுட்பத்துக்குமுரிய ஆண்டாக அரசு பிரகடனஞ் செய்தபோது, ‘எமது வழியில் ஆங்கிலம்’ என்னும் கோட்பாடு முன்வைக்கப்பட்டது. அந்நிய உச்சரிப்பு அச்சத்திலிருந்து கற்போரை விடுவிக்க முயன்றது என்ற வகையில் அது வரவேற்கத்தக்கதே. ஆனால் ‘எமது’ என்பது யாரை உளப்படுத்தும் பன்மை என்னும் வினா எஞ்சிநிற்கிறது.

ஏனெனில் பாடநூல்களிலும் சொற்கைநூல்களிலும் காணப்படும் ‘அன்றாடம்’ பெரும்பாலும் நகர நடுத்தர வர்க்கத்தின் அன்றாடமாகும். வரவேற்பறை, உணவறை, படுக்கையறை, குளியலறை என்று வீட்டைப் பிரித்துப் பெயர் சொல்லும் பாடத்தை, உறங்குவதும் உண்பதும் படிப்பதும் ஒரே காம்பராவில் நிகழும் பிள்ளை மனனஞ் செய்கிறது. சொல் கற்கப்படுகிறது, அதனோடு தன் வீடு வீடன்று என்னும் பாடமும் சேர்ந்தே கற்கப்படுகிறது. அதே பிள்ளை செக்ரோல், டிவிசன், ஸ்டோர், நோர்ம் என ஏராளமான ஆங்கிலச் சொற்களை வகுப்பறைக்கு வரும்போதே அறிந்திருக்கிறது. ஆசிரியரும் நூலும் அவற்றைச் சொற்களாகவே மதிப்பதில்லை. உள்ளதை இல்லையெனக் கொண்டு, இல்லாததிலிருந்து தொடங்கும் கற்பித்தல் முறை இது.

ஆங்கிலம் தொழிலாளருக்கு எதிரான மொழியாகவே இருக்கவேண்டும் என்ற விதி எதுவுமில்லை. இதற்கு மலையகமே சான்று தருகிறது. மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலேயே கவிதையாகவும் உரைநடையாகவும் எழுதினார். 1970இல் வெளிவந்த அவரது ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ ஆங்கில நூலாகும். தேயிலையைக் கோப்பையில் மட்டும் கண்டவர்க்கு அதனைப் பறிக்கும் கைகளைக் காட்ட, துரையின் மொழியே அவருக்குக் கருவியாயிற்று. ஏவல் வினைகளைக் கேட்டு வளர்ந்த சமூகத்திலிருந்து ஒருவர் அம்மொழியின் எழுவாயாகித் தன் மக்களைப் பற்றிக் கூற்று நிகழ்த்தினார் என்பதே அதன் வரலாற்று முக்கியத்துவம்.

இங்கு ஆங்கிலத்தின் ஓர் இயல்பையும் குறிப்பிடல் தகும். தமிழில் ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’ எனப் பிரியும் முன்னிலை, இன்றைய ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் அடங்கும். துரையைத் தொழிலாளியும் தொழிலாளியைத் துரையும் சுட்டுவதற்கு அம்மொழியில் ஒரே முன்னிலைதான் உண்டு. ஆனால் அதன் மரியாதை வேறிடத்தில் ஒளிந்துள்ளது: வேண்டுகோளின் அமைப்பிலும், துணைவினைகளின் தெரிவிலும், மறுப்பைக் கூறும் முறையிலும் அது இருக்கிறது. பெயர்ச்சொற்களை மட்டும் அடுக்கும் பட்டியல்கள் இவற்றைக் கற்பிப்பதில்லை. காரணம் கேட்கவும், கணக்கை விளக்குமாறு கோரவும், உடன்பாடின்மையைத் தெரிவிக்கவும் இயலாதவன் ஆயிரம் பொருட்பெயர்களை அறிந்திருந்தும் பேச்சற்றவனே.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரேயரின் அனுபவம் நமக்கு வழிகாட்டும். 1963இல் அந்நாட்டின் வடகிழக்கில் உள்ள அங்கிகோஸ் என்னுமிடத்தில் ஏறத்தாழ 300 தொழிலாளருக்கு நாற்பது மணி நேரத்தில் எழுத்தறிவூட்டும் திட்டமொன்றை அவர் முன்னெடுத்தார். முதலில் அம்மக்களின் பேச்சிலிருந்து அவர்தம் வாழ்வைத் தொடும் சொற்கள் திரட்டப்பட்டன. செங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து எழுத்தும், எழுத்திலிருந்து செங்கல் அடுக்குவோரின் நிலை பற்றிய விவாதமும் பிறந்தன. 1964இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் அத்திட்டத்தை நிறுத்தி அவரைச் சிறையிட்டமை, சொற்பட்டியல் எத்துணை அரசியற் பொருளுடையது என்பதற்குப் போதிய சான்று. பிரேயரின் முயற்சி தாய்மொழி எழுத்தறிவு பற்றியது. நமது பிரச்சினை இரண்டாம் மொழி பற்றியது. இவ்வேறுபாட்டை மறவாமல், கற்போரின் சொல்லிலிருந்து தொடங்குதல் என்னும் அடிப்படையை நாம் ஏற்கலாம்.

மலையகத்தில் இதற்கான மூலப்பொருள் ஏலவே உளது. ‘லயம்’ என்னும் சொல்லிலிருந்து ‘லைன்’ என்பதற்கும், அதிலிருந்து வரிசை, கோடு, அடி என்னும் பொருள்களுக்கும் பிள்ளையை அழைத்துச் செல்லலாம். ‘பேர்’ என்பதிலிருந்து ‘நேம்’ என்பதற்கும், அதிலிருந்து பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் தன் பெயர் ஆங்கிலத்தில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்னும் ஆராய்ச்சிக்கும் செல்லலாம். எழுத்தொன்று மாறியதால் ஆவணங்கள் இரண்டும் முரண்படும் தொல்லையை அறியாத குடும்பங்கள் அங்கு சிலவே. சம்பளச் சீட்டு ஒரு முழுப் பாடமாதற்கு உரியது. தொழிலாளியிடமிருந்து 8 வீதமும் தொழில்தருநரிடமிருந்து 12 வீதமும் சேரும் ஊழியர் சேமலாப நிதி, முற்பணம், சந்தா, கழிவு, மேலதிகக் கொழுந்து என்பன அதில் உள. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, அது 900 ரூபா அடிப்படைச் சம்பளமும் 100 ரூபா கொடுப்பனவுமாக அமைந்தது. ‘அடிப்படை’, ‘கொடுப்பனவு’ என்னும் இரு சொற்களின் வேறுபாட்டில் ஒரு குடும்பத்தின் வருமானக் கணக்கே தங்கியிருக்கையில், அவற்றைவிட அன்றாடச் சொல் வேறெது? இவற்றோடு வாசி, எண்ணு, கேள், விளக்கு, ஒப்பமிடு, மறு என்னும் வினைகளும், ஏன், எவ்வளவு, யார் சொன்னது, இங்கு என்ன எழுதியுள்ளது என்னும் வினாக்களும் முதற் பாடத்திலேயே இடம்பெறவேண்டும். பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் பயிலும் ஆசிரிய மாணவர்கள் தத்தம் ஊர்களில் இச்சொற்களைத் திரட்டினாலே முதற் பட்டியல் உருவாகிவிடும்.

இவ்யோசனைக்கு எதிராக வலுவான தடையொன்று எழுப்பப்படலாம். பெற்றோர் பிள்ளைக்கு ஆங்கிலம் கற்பிப்பது தோட்டத்தைவிட்டு வெளியேறுவதற்காகவே. அவ்வாறிருக்க, செக்ரோலையும் கொழுந்துக் கூடையையும் பாடமாக்குவது அப்பிள்ளையை மீண்டும் மலைக்கே அனுப்புவதாகாதா? கொழும்பின் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் மத்திய கிழக்கு நாடுகளிலும் வேலை தேடும் இளந்தலைமுறைக்கு லயத்துச் சொற்களால் ஆவதென்ன? இக்கேள்வி நேர்மையானது, அதனைப் புறந்தள்ளிவிட முடியாது. நாம் கூறுவது தொடக்கம் பற்றியதே, முடிவு பற்றியதன்று. தான் அறிந்த சொல்லுக்கு மதிப்புண்டு எனக் கண்ட பிள்ளை அறியாத சொல்லை நாடி விரைந்து செல்லும். மேலும், வெளியேறிச் செல்பவர் கொழும்பிலும் கட்டாரிலும் எதிர்கொள்வதும் ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, கழிவு, கையொப்பம் என்பவற்றையே. தோட்டத்தின் சம்பளச் சீட்டை வாசித்துக் கேள்வி கேட்கப் பயின்றவரை அங்குள்ள ஒப்பந்தத்தாள் எளிதில் ஏமாற்றாது. வரவேற்பறையின் தளபாடப் பெயர்களை மட்டும் கற்றுச் செல்பவர் அத்தளபாடங்களைத் துடைப்பவராக அங்கு சேரும் வாய்ப்பே மிகுதி.

மற்றொரு தடை, மும்மொழி நாட்டில் சிங்களமும் ஆங்கிலமும் ஒருங்கே கற்கவேண்டிய பிள்ளைக்குச் சுமை கூடும் என்பது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கி ஆங்கிலத்தை இணைப்பு மொழியென வகுத்தது. சட்டத்தில் தமிழுக்குள்ள இவ்விடத்தை நடைமுறையில் வலியுறுத்தும் போராட்டத்துக்கு ஆங்கிலக் கல்வி மாற்றாகிவிடக்கூடாது. சம்பளச் சீட்டும் வைத்தியசாலைக் குறிப்பும் தமிழிற் கிடைக்கவேண்டும் எனக் கோருவது உரிமை. அவை ஆங்கிலத்தில் வரும்வரை அவ்வாங்கிலத்தை வாசிக்கக் கற்பது தற்காப்பு. இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாவன.

அன்றாடச் சொற்பட்டியல் அமைப்போர் முன் நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. ஒரு சொல்லைச் சேர்க்குமுன், அது எத்தனை முறை அச்சில் வருகிறது என்று எண்ணுவதோடு, அதைச் சொல்பவர் யார், கேட்பவர் யார், கேட்பவர் மறுமொழி கூறவேண்டிய சொல்லும் பட்டியலில் உண்டா என்றும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ‘இங்கே வா’ என்னும் நூல் துரைக்கு எழுதப்பட்டுவிட்டது. அவ்வழைப்பைக் கேட்டவர், ‘ஏன் அழைத்தீர்கள்?’ என்று கேட்பதற்கான நூல் இனிமேல்தான் எழுதப்படவேண்டும். அதனை எழுதும் பொறுப்பு மலையக ஆசிரியர்களுக்கும் பல்கலைக்கழகத் தமிழ், ஆங்கிலத் துறைகளுக்கும் பொதுவானது.